தோட்ட உரிமையாளரின் வம்சாவளியும் தொழிலாளரின் வம்சாவளியும்

புகையிலை, கரும்பு, பருத்தி, காப்பி, தேயிலை முதலிய பயிர்களுக்காக உருவான பெருந்தோட்டங்களின் உரிமையாளர் குடும்பங்களையும், அத்தோட்டங்களில் உழைத்தவர்களின் குடும்பங்களையும் ஆவணங்களின் துணையுடன் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிக் கண்டறிவது பெருந்தோட்ட வம்சாவளித் தேடல் எனப்படும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய தோட்ட உரிமையாளர்களைப் பற்றிய தேடல் இவற்றுள் நன்கு அறியப்பட்டது. ஏறத்தாழ அதே வகை ஆவணங்களைக் கொண்டு தென் ஆப்பிரிக்கா, மொரீசியஸ், பிஜி, இலங்கை ஆகிய நாடுகளின் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் வேர்களையும் தேட முடியும்.

இவ்விரு தேடல்களும் வெவ்வேறானவை போலத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. உரிமையாளர் தம் குடும்பத்துக்காகவும் சொத்துக்காகவும் எழுதி வைத்த தாள்களுக்குள்ளேதான் தொழிலாளியின் பெயரும் இருக்கிறது. பெயர் இல்லாத இடத்தில் வெறும் எண்ணிக்கையாவது இருக்கிறது. இக்கட்டுரை முதலில் அமெரிக்க உரிமையாளர்களின் ஆவணங்களை விளக்குகிறது. பிறகு அவற்றின் வழியாகத் தமிழரின் தேடலுக்கு வருகிறது.

பெருந்தோட்டம் என்னும் சொல்

நம் வழக்கில் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொல்லையையோ கிணற்றுப் பாசனம் உள்ள காய்கறி நிலத்தையோ குறிக்கும். பெருந்தோட்டம் என்பது வேறு. ஒரே பயிரைப் பெருமளவில் பயிரிட்டு, அதைத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்பி, வேலைக்கு வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களை அங்கேயே குடியிருக்கவைத்து நடத்தும் நிறுவனம் அது. எனவே பெருந்தோட்டம் இருந்த இடத்திலெல்லாம் மூன்று வகைக் கணக்குகள் இருந்தன: நிலக் கணக்கு, பயிர்க் கணக்கு, ஆள் கணக்கு. வம்சாவளி தேடுபவருக்கு இம்மூன்றும் மூலப்பொருள்.

வர்ஜீனியாவின் முதல் உரிமையாளர்கள்

ஆங்கிலேயர் 1607இல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் குடியிருப்பை அமைத்தனர். 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் என்பவர் அங்கு ஏற்றுமதிக்குரிய புகையிலையைப் பயிரிடத் தொடங்கினார். புகையிலைக்கு நிலமும் ஆளும் தேவைப்பட்டன. 1618இல் வர்ஜீனியா கம்பெனி 'தலைக்கு 50 ஏக்கர்' என்னும் முறையைக் கொண்டுவந்தது. ஒருவர் தம் செலவில் எத்தனை பேரைக் கப்பலில் அழைத்துவருகிறாரோ, தலைக்கு 50 ஏக்கர் வீதம் அவருக்கு நிலம் கிடைக்கும். நிலம் கேட்டு மனு எழுதும்போது தாம் அழைத்துவந்தவர்களின் பெயர்களைப் பட்டியலிட வேண்டும்.

இன்று அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது இந்த நிலப்பட்டாக்களைத்தான். ரிச்மண்ட் நகரில் உள்ள வர்ஜீனியா நூலகம் இவற்றைப் பாதுகாத்து இணையத்திலும் வைத்துள்ளது. உரிமையாளர் தம் நிலத்தை நிலைநாட்ட எழுதிய தாளில் அவருடைய பணியாட்களின் பெயர்களும் அவர் நினையாமலே நிலைத்துவிட்டன.

அடுத்த முக்கிய ஆவணம் 1624-25ஆம் ஆண்டின் குடிக்கணக்கு. இதில் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளவர்கள் பெயர், வந்த கப்பல், இருப்பில் உள்ள தானியம், ஆயுதம் ஆகியவை எழுதப்பட்டன. ரோல்ஃபின் மாமனார் வில்லியம் பியர்ஸ் என்பவரின் வீட்டுக் கணக்கில் 'ஏஞ்சலோ' என்னும் கறுப்பினப் பெண் 'ட்ரெஷரர்' கப்பலில் வந்தவர் என்று ஒரு வரி உள்ளது. ஆப்பிரிக்கர் முதன்முதலில் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டது 1619 ஆகஸ்ட் மாதத்தில். அக்காலத்தில் வந்தவர்களுள் பெயரோடு நமக்குத் தெரிந்த மிகச் சிலரில் இவர் ஒருவர். இன்று ஏஞ்சலா என்று அழைக்கப்படும் அவரைப் பற்றித் தேடுபவர் பியர்ஸ் குடும்பத்தைத் தேடாமல் இருக்க முடியாது.

உரிமையாளர் குடும்பங்களின் ஆவணங்கள்

பெரிய தோட்டக் குடும்பங்கள் பல வகைத் தாள்களை விட்டுச் சென்றன.

உயில்: நிலம், வீடு, வெள்ளிப் பாத்திரம், அடிமைகள் ஆகியவற்றை எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியது. மகள், மருமகன், பேரன் என உறவுகள் இதில் வெளிப்படையாகத் தெரியும்.

இறந்தவர் சொத்துக் கணக்கு: அறை வாரியாகப் பொருள்களை விலையிட்டு எழுதியது. கட்டில், கலப்பை, மாடு ஆகியவற்றின் வரிசையில் மனிதர்களும் விலையோடு எழுதப்பட்டனர்.

தேவாலயப் பதிவேடு: திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நாள்.

குடும்ப விவிலியம்: பிறப்பு இறப்புகளை முன்பக்கத்திலோ நடுப்பக்கத்திலோ கையால் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. நம் வீடுகளில் பஞ்சாங்கத்திலும் நோட்டுப் புத்தகத்திலும் பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்து வைப்பதைப் போன்றது இது.

இவ்வளவு இருந்தும் வழி எப்போதும் நேராக இல்லை. உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865இல், ரிச்மண்ட் எரிந்தபோது அங்கே பாதுகாப்புக்காக அனுப்பப்பட்டிருந்த பல மாவட்டங்களின் நீதிமன்றப் பதிவேடுகள் சாம்பலாயின. அம்மாவட்டங்களை ஆய்வாளர்கள் 'எரிந்த மாவட்டங்கள்' என்றே அழைக்கின்றனர்.

1870 என்னும் சுவர்

உரிமையாளரின் வம்சாவளி 17ஆம் நூற்றாண்டு வரை போகும். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் பின்னோக்கித் தேடினால் பெரும்பாலும் 1870இல் வந்து முட்டி நிற்பார்கள். தெற்கு மாநிலங்களில் முன்பு அடிமைகளாக இருந்த மக்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் அமெரிக்கக் குடிக்கணக்கு 1870ஆம் ஆண்டினது. அதற்கு முந்தைய 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் முழுமையாக இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும்.

இந்தச் சுவரைத் தாண்ட முக்கிய வழி உரிமையாளரின் தாள்களுக்குள் நுழைவதுதான். அவருடைய உயிலில் ஒரு பெயர், சொத்துக் கணக்கில் ஒரு வயது, மகளின் திருமணச் சீதனப் பட்டியலில் அதே பெயர் எனக் கோத்துக்கொண்டே போக வேண்டும். உரிமையாளரின் குடும்ப மரத்தைச் சரியாக வரையாதவருக்கு அந்த ஆட்கள் யார் கைக்குப் போனார்கள் என்பது தெரியாது.

சில நேரங்களில் இரண்டு மரங்களும் ஒரே மரமாக இருக்கும். அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் ஒரு தோட்ட உரிமையாளர். அவருடைய அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ், தம் தந்தை ஜெஃபர்சனே என்று 1873இல் ஒரு செய்தித்தாளில் வெளிப்படையாகச் சொன்னார். வரலாற்றாசிரியர் பலர் நூறாண்டுக்கும் மேலாக அதை ஏற்கவில்லை. 1998இல் ஜெஃபர்சன் குடும்பத்தின் ஆண் வழியினர் ஒருபுறம், சாலியின் இளைய மகன் எஸ்டனின் ஆண் வழியினர் மறுபுறம் எனச் செய்த மரபணுச் சோதனை பொருந்தியது. அதன் பிறகே பெரும்பாலோர் கருத்து மாறியது. ஒரு மகன் தன் தந்தையின் பெயரைச் சொன்னபோது நம்பாத உலகம், உரிமையாளர் வீட்டு இரத்தம் சாட்சி சொன்ன பிறகே நம்பியது.

தாயின் வழி அடிமை

வம்சாவளி அந்நாளில் சட்டத்தின் கேள்வியாகவும் இருந்தது. 1662இல் வர்ஜீனியா சட்டமன்றம், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும் என்று விதித்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தந்தை யாராக இருந்தாலும் மாற்றமில்லை. இதனால் ஒருவரின் தாய், பாட்டி, பூட்டி யார் என்பதே அவர் விடுதலை பெற்றவரா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

இந்தச் சட்டம் இந்தியரையும் தொட்டது. 1635ஆம் ஆண்டு, வணிகரும் தோட்ட உரிமையாளரும் ஆளுநர் அவை உறுப்பினருமான ஜார்ஜ் மெனிஃபி பெற்ற நிலத்துக்கான ஆள் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் வருகிறது. வட அமெரிக்காவில் கால்வைத்த இந்தியர்களுள் ஆவணத்தில் தெரியும் முதல் மனிதர் இவரே என்று கருதப்படுகிறது. அந்தப் பட்டியலில் அவருடைய ஊர், மொழி, இயற்பெயர் எதுவும் இல்லை. மெனிஃபியின் வாழ்க்கையைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதலாம். டோனியைப் பற்றி இரண்டு சொற்களே உள்ளன. எழுத்தாளர் பிருந்தா சாரி 2023இல் வெளியிட்ட ஆங்கில நாவலில் அவரைச் சோழமண்டலக் கரையில் பிறந்தவராகக் கற்பனை செய்துள்ளார். அது கற்பனையே, வரலாற்றுச் சான்று அன்று. ஆனால் பொருந்தாத கற்பனையும் அன்று. புனித ஜார்ஜ் கோட்டை 1640இல் எழுந்த பிறகு, 1680களில் அங்கிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதைக் கோட்டையின் சொந்தப் பதிவுகளே காட்டுகின்றன.

பின்னாளில் மேரிலாந்து, வர்ஜீனியா நீதிமன்றங்களில் விடுதலை கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்குகள் சிலவற்றில், தம் தாய்வழி முன்னோர் கிழக்கிந்தியர், அவர் அடிமையல்லர், ஆகவே தாமும் அடிமையல்லர் என்று வாதிட்டனர். அவர்களுக்குப் பாட்டியின் பெயரை நிரூபிப்பது பெருமைக்காக அன்று, விலங்கைக் கழற்றுவதற்காக.

கிளாட்ஸ்டன்: இழப்பீட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு

அமெரிக்கக் கண்டத்தின் தோட்டங்களையும் இந்தியாவையும் நேரடியாக இணைத்தவர்களுள் முதன்மையானவர் ஜான் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை இவர். டெமராரா (இன்றைய கயானா), ஜமைக்கா ஆகிய இடங்களில் இவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன.

பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அது அடிமைகளுக்குத் தரப்படவில்லை, உரிமையாளர்களுக்கே தரப்பட்டது. 2,508 பேருக்கு உரிமை கோரிய ஜான் கிளாட்ஸ்டன் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் பெற்றார். இந்த இழப்பீட்டுப் பதிவேடுகளைக் கொண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி உரிமையாளர்களின் பெயர், தோட்டம், பெற்ற தொகை, குடும்ப உறவு ஆகியவற்றை எவரும் தேடக்கூடிய தரவுத்தளமாக அமைத்துள்ளது. உரிமையாளர் குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்கு இன்று இதைவிட எளிய வாயில் இல்லை.

அடிமை முறை முடிந்தால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! கிளாட்ஸ்டன் 1836 ஜனவரியில் கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் நிறுவனத்துக்கு எழுதி, இந்தியாவிலிருந்து ஆட்களைக் கேட்டார். அதன் பயனாக 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்னும் இரண்டு கப்பல்கள் 1838 மே 5 அன்று டெமராராவை அடைந்தன. அவற்றில் 396 இந்தியர் உயிரோடு சேர்ந்தனர். ஒரு பகுதியினர் கிளாட்ஸ்டனின் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர். 2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வழித்தோன்றல்கள் சிலர் கயானாவுக்குச் சென்று தம் முன்னோரின் செயலுக்காக மன்னிப்புக் கேட்டனர். குடும்ப வரலாற்றைத் தேடுவது பெருமை சேர்ப்பதற்கு மட்டும் அல்ல. கணக்குத் தீர்ப்பதற்கும் உதவும் என்பதற்கு இது ஒரு சான்று.

சென்னைக் கரையிலிருந்து

கல்கத்தாவில் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறை விரைவில் மதராஸுக்கும் வந்தது. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரோடு மதராஸிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் கப்பல் இதுவே. அப்போது சென்னையில் இன்றுள்ள செயற்கைத் துறைமுகம் இல்லை. அதன் கட்டுமானம் 1870களின் நடுவில்தான் தொடங்கியது. கரையிலிருந்து அலையைத் தாண்டி மசூலாப் படகில் சென்று, நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலில் ஏற வேண்டும். காத்திவாக்கம், எண்ணூர் கடற்கரையிலிருந்து தெற்கே நோக்கினால் இன்றும் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்களைக் காணலாம். அந்தக் கப்பல்களும் இப்படித்தான் நின்றிருக்கும்.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். இவர்களில் பெரும்பாலோர் மதராஸ் வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். வட ஆற்காடு, செங்கல்பட்டு போன்ற மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் சென்றனர். மொரீசியஸ் தீவுக்கு 1834 முதல் சுமார் நான்கரை லட்சம் இந்தியர் சென்றனர். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் சென்றனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் அங்கு கப்பல்கள் போயின. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்கும் தமிழர் சென்றனர்.

கப்பல் பதிவேட்டை வாசிப்பது

ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் அமெரிக்க அடிமைப் பட்டியலில் இல்லாத ஒன்று உண்டு: ஆளின் பெயரும் ஊரும். நேட்டால் பதிவேட்டில் பொதுவாகக் காணப்படும் பத்திகள் இவை: குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், அனுப்பப்பட்ட தோட்டத்தின் அல்லது முதலாளியின் பெயர். கடைசிப் பத்தியே உரிமையாளரின் வரலாற்றோடு தொழிலாளியின் வரலாறு சேரும் இடம். முதலாளியின் பெயர் கிடைத்தால் அவருடைய தோட்டத்தின் நிலப்படம், கூலி பற்றிய புகார்கள், விசாரணை அறிக்கைகள் ஆகியவற்றைத் தேடலாம்.

மொரீசியஸில் மோக்கா என்னும் ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தியக் குடியேற்ற ஆவணங்களைப் பாதுகாக்கிறது. பல தொழிலாளரின் புகைப்படங்களும் அங்கு உள்ளன. இவ்வாவணங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. தொழிலாளர் இறங்கிய போர்ட் லூயிஸ் நகரின் ஆப்பிரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

இந்தப் பதிவேடுகளை வாசிக்கும்போது மூன்று இடங்களில் தவறு நேரும்.

முதலாவது, பெயர். எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதினார். முத்துசாமி என்னும் பெயர் ஆங்கிலேயர் பதிவில் 'மூட்சாமி' என்றும், பிரெஞ்சுத் தீவுகளில் 'மூட்டூசாமி' என்றும் மாறியது. தென் ஆப்பிரிக்காவில் 'மூட்லி' என்பது முதலி. 'கவெண்டர்' என்பது கவுண்டர். அப்பாவின் பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் வழக்கு அங்கு இல்லாததால், யாரோ ஒரு தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோயிற்று.

இரண்டாவது, ஊர். ஒலி நெருங்கிய ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடும். எங்கள் காத்திவாக்கம் வட சென்னையில் உள்ளது. கொட்டிவாக்கம் தென் சென்னையில் உள்ளது. பழைய கணக்கில் இரண்டும் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. ஓர் உயிரெழுத்து மங்கினால் ஒரு குடும்பம் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். ஆகவே கிராமத்தை மட்டும் பார்க்காமல் தாலுகாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவின் ஒரு பகுதி இன்று ஆந்திராவின் சித்தூர்ப் பகுதியில் இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சாதிப் பத்தி. கப்பலேறும்போதும் இறங்கும்போதும் சிலர் வேறு பட்டம் சொல்லிக்கொண்டனர். பழைய இழிவை விட்டுவிட அவர்களுக்கு அது ஒரு வாய்ப்பு. அப்பத்தியை மட்டும் ஆதாரமாக வைத்து ஒரு குடும்பத்தை இன்னார் என்று முடிவு கட்டுவது சரியன்று.

பதிவேடு இல்லாத பயணம்: இலங்கை மலையகம்

கடல் கடந்த தோட்டத் தமிழர்களுள் நமக்கு மிக அருகில் இருப்பவர்கள் இலங்கை மலையகத் தமிழர். அவர்களுடைய தேடலே மிகக் கடினமானது. காரணம், அவர்களுடைய முன்னோர் பெரும்பாலும் ஒப்பந்தக் கப்பல் பதிவேட்டில் ஏறிச் செல்லவில்லை. கங்காணி ஒருவர் தம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, குழுவாக அழைத்துச் சென்றார். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் தோணியில் மன்னாருக்குக் கடந்து, காட்டு வழியே நடந்து மாத்தளை, கண்டி மலைகளை அடைந்தனர். வழியில் மாண்டவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை.

இங்கும் உரிமையாளரின் வரலாறு தெளிவாக உள்ளது. ராபர்ட் பாய்ட் டைட்லர் என்பவர் ஜமைக்காவில் காப்பிப் பயிர்முறையைக் கற்றுக்கொண்டு, 1837இல் இலங்கைக்கு வந்து அதைப் பரப்பினார். அமெரிக்கக் கண்டத்தின் அடிமைத் தோட்டத்தில் உருவான முறை அப்படியே கண்டி மலைக்கு வந்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராகப் பயிரிட்டார். இத்தகைய வெள்ளைத் துரைமார்களின் பெயர்களை ஃபெர்குசன் வெளியிட்ட ஆண்டுக் கையேடுகளில் தோட்டம் வாரியாகக் காணலாம். அவர்களின் கல்லறை வாசகங்கள்கூடத் தொகுக்கப்பட்டு 1913இல் நூலாக வந்துள்ளன.

தொழிலாளிக்கோ கங்காணியின் கடன் கணக்கும் 'துண்டு' என்னும் சீட்டுமே இருந்தன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

இந்த ஆவண வெறுமையின் விலை 1948இல் தெரிந்தது. அவ்வாண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கு பிறந்த ஒருவர் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தந்தை பிறந்ததற்குத் தாள் எங்கே? லயன் அறையில் பிறந்த பிள்ளைக்குப் பதிவு எங்கே? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. நாடற்ற நிலை முற்றிலும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் பெயரைக் கேட்டது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்தைக் கேட்டது. இரண்டு இடங்களிலும் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்ல முடிந்தவர் தாள் வைத்திருந்தவர். தாள் எழுதும் அதிகாரம் தோட்ட உரிமையாளரிடமே இருந்தது.

தேடத் தொடங்குவோருக்கு

வகுப்பறையில் பாடம் நடத்திய காலத்தில், கொள்ளுத் தாத்தாவின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் கை தூக்கியவர்கள் நாலைந்து பேர்தான். கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டால் அதுவும் இல்லை. எனவே தோட்டத்துக்குப் போன குடும்பமானாலும், ஊரிலேயே இருந்த குடும்பமானாலும் தேடலின் வரிசை ஒன்றே.

1. வீட்டில் உள்ள மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். பெயர், பிறந்த ஊர், குலதெய்வம், யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் பெரும்பாலும் குடும்பத்தின் பழைய ஊரைக் காட்டும்.

2. வீட்டுத் தாள்களைத் திரட்டுங்கள். பட்டா, பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், பழைய கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோர் பெற்ற குடும்ப அட்டை ஆகிய அனைத்தும் பயன்படும். எண்ணூரில் பர்மா நகர் இருப்பதைப் போலத் தமிழகத்தின் பல ஊர்களில் தாயகம் திரும்பியோர் குடியிருப்புகள் உள்ளன. அங்குள்ள பெட்டிகளில் இன்னும் இத்தகைய தாள்கள் இருக்கின்றன.

3. தோட்டத்தின் பெயரை இரு வகையிலும் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலப் பெயர் உள்ள தோட்டத்தைத் தொழிலாளர் தங்கள் வழக்கில் வேறு பெயரால் அழைத்தனர். பாட்டி சொல்லும் தோட்டப் பெயர் ஆவணத்தில் இல்லாவிட்டால் அவர் சொன்னது பொய் என்று எண்ணக் கூடாது.

4. பிறகு உரிமையாளரைத் தேடுங்கள். தோட்டத்தின் துரை யார், எந்த ஆண்டில் வாங்கினார், யாரிடம் விற்றார் என்பது தெரிந்தால் ஆவணம் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருக்கக்கூடும் என்பது தெரியும்.

5. ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாண அரசின் பதிவுகள் உள்ளன. அயல்நாட்டுப் பதிவேடுகளில் குடியேற்ற எண் தெரிந்தால் தேடல் மிக எளிது. அந்த எண் தந்தையின் பதிவிலிருந்து பிள்ளையின் பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் தொடரும்.

6. ஒரு செய்திக்கு இரண்டு சான்றாவது தேடுங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றில் இன்னும் இரண்டாவது பொருந்த வேண்டும். நமக்குப் பிடித்த முன்னோரைத் தேர்ந்தெடுப்பது வம்சாவளி ஆகாது.

7. மரபணுச் சோதனை உறவை உறுதி செய்ய உதவும். ஊரையும் பெயரையும் தானாகச் சொல்லாது. தாள்வழித் தேடலுக்கு அது துணை மட்டுமே.

தொகுப்புரை

தோட்ட உரிமையாளர்களின் குடும்ப வரலாறு உயில்களிலும் பட்டாக்களிலும் கல்லறைகளிலும் பாதுகாப்பாக உள்ளது. தொழிலாளர்களின் வரலாறு அதே உயில்களின் ஓரத்திலும், கப்பல் பதிவேட்டின் ஒரு வரியிலும், மூத்தவர்களின் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. முதலாவதைத் தேடுபவர் இரண்டாவதைக் கண்டும் காணாமல் போகக் கூடாது. இரண்டாவதைத் தேடுபவர் முதலாவதைப் புறக்கணிக்கவும் முடியாது. இவற்றுள் தாள்களும் கற்களும் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். மூத்தவர்களின் நினைவு அவ்வாறு காத்திருக்காது. எனவே இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் முதலில் செல்ல வேண்டிய ஆவணக் காப்பகம் அவரவர் வீட்டுத் திண்ணைதான்.